ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி, பின்னால் பணம் எங்கிருந்து வரும்?

பள்ளத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மூத்த மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். கணவருக்கு ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் வேலை. வருகிற ஜூனில் ஆறாம் வகுப்புக்குக் காரைக்குடியில் பெயர்பெற்ற எய்டட் பள்ளியில் சேர்ப்பதா, அரசு மகளிர் பள்ளியில் சேர்ப்பதா, வீட்டு வாசலுக்கே பஸ் அனுப்பும் மெட்ரிக் பள்ளியில் சேர்ப்பதா என்று குழப்பம். "எது நல்ல பள்ளி, எதில் சேர்த்தால் ஸ்காலர்ஷிப் கிடைக்கும்?" என்று கேள்வியை முடித்திருக்கிறார். மூன்று வயதில் ஒரு மகனும் இருக்கிறான் என்று கடைசியில் ஒரு வரி.

அம்மா, நீங்கள் இரண்டு கேள்வி கேட்டதுபோல் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். இன்றைக்கு ஆறாம் வகுப்பில் எடுக்கிற முடிவால், ஏழு வருஷம் கழித்துக் கல்லூரி வாசலில் எந்தச் சலுகை கைக்கு வரும், எது கைநழுவும் என்பதுதான் அது. இந்த மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் ஆசிரியராகவும் பிறகு தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெரும்பாலான பெற்றோர் இந்தக் கேள்வியைப் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகுதான் கேட்பார்கள். அப்போது சொல்வதற்கு எங்களிடம் ஒன்றும் இருக்காது. நீங்கள் சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பள்ளிகளின் வகை. செட்டிநாட்டில் இது மற்ற ஊர்களைவிடச் சற்று சிக்கலானது, அதற்குக் காரணம் நம் ஊர் வரலாறு. பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்த நகரத்தார் குடும்பங்கள் கோயில் திருப்பணியோடு பள்ளிக்கூடங்களையும் கட்டினார்கள். தேவகோட்டையில் கிறித்தவ சபையார் பள்ளி நடத்தினார்கள். அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியபோது, அந்தக் கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பப் பள்ளிகள் ஏற்கெனவே இருந்தன. இந்தப் பழைய பள்ளிகளில் பல இன்றும் நிர்வாகக் குழுவின் கையில் இருக்கின்றன. ஆசிரியர் சம்பளத்தை மட்டும் அரசு கொடுக்கிறது. அதுதான் அரசு உதவிபெறும் பள்ளி, நம் பேச்சில் எய்டட். தமிழ்வழி வகுப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. பாடநூல் இலவசம், சத்துணவு உண்டு, பஸ் பாஸ் உண்டு, பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள்கூட உண்டு. எல்லாம் அரசுப் பள்ளியில் கிடைப்பதுபோலவே இருப்பதால், ஊரில் எல்லாரும் அதையும் கவர்மெண்ட் ஸ்கூல் என்றே சொல்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்வதில்லை.

சட்டப்படி அரசுப் பள்ளி என்றால் அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் நேரடியாக நடத்துவது: பள்ளிக் கல்வித் துறைப் பள்ளி, நகராட்சி, மாநகராட்சி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி போன்றவை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. மறுவருஷம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதே அளவு ஒதுக்கீடு வந்தது. இரண்டுக்கும் நிபந்தனை ஒன்றுதான். ஆறு முதல் பன்னிரண்டு வரை, ஏழு வருஷமும், அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். எய்டட் பள்ளியில் படித்த வருஷம் இந்தக் கணக்கில் சேராது. இதை எதிர்த்து வழக்குகூடப் போட்டுப் பார்த்தார்கள், விதி மாறவில்லை.

இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்த பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. பட்டறைக் கூலியில் ஓடும் குடும்பத்துக்கு ஒரு பொறியியல் படிப்பு முழுக்கச் செலவில்லாமல் முடிகிறது என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவத்துக்கு நீட் தேர்வில் தகுதி பெற்றே ஆக வேண்டும், அதில் விலக்கு இல்லை. ஆனால் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும் என்பதால், பொதுப் பட்டியலில் இடம் கிடைக்காத மதிப்பெண்ணுக்கு இங்கே கிடைக்கிறது.

என்னிடம் பதினொன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்த ஒரு மாணவி நினைவுக்கு வருகிறாள். ஆறும் ஏழும் எய்டட் பள்ளி, எட்டிலிருந்து அரசுப் பள்ளி. நல்ல மதிப்பெண். கலந்தாய்வுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று கேட்டார்கள். நான் பழைய டிசிக்களை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் டிசியில் பள்ளியின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'அரசு உதவிபெறும்' என்று இருந்தது. அவள் அப்பா அந்த வரியை அன்றைக்குத்தான் முதல் முறை வாசித்தார். பள்ளி மேல் எந்தத் தவறும் இல்லை. அங்கே நன்றாகத்தான் படித்தாள். சேர்க்கும்போது யாரும் இதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதனால் நீங்கள் எந்தப் பள்ளிக்குப் போனாலும் பெயர்ப்பலகையை முழுக்கப் படியுங்கள், அலுவலகத்தில் "இது அரசா, எய்டட்டா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அப்படியானால் எய்டட் பள்ளி வேண்டாமா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். கல்லூரி போகும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் இருந்தது. 2024 டிசம்பரில் எய்டட் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மாணவியருக்கும் நீட்டித்தார்கள். பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது, அதிலும் இதே ஏற்பாடு. எய்டட் பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவில் படித்தால் இது கிடைக்காது என்பதைக் கவனியுங்கள். அரசுப் பள்ளியில் எந்த வழியில் படித்தாலும் கிடைக்கும். உங்கள் மகள் நாளைக்குப் பள்ளத்தூர் சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்தாலும், பாலிடெக்னிக் போனாலும், ஐடிஐ போனாலும் இந்தத் தொகை வங்கிக் கணக்குக்கு வரும்.

தமிழ்வழியா, ஆங்கிலவழியா என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை என்பது 2010இல் வந்த சட்டம். 2020இல் அதைத் திருத்தி, பட்டப்படிப்பு மட்டும் தமிழில் படித்தால் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும் என்று இறுக்கினார்கள். உங்கள் மகள் ஐந்து வருஷம் தமிழ்வழியில் முடித்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆறாம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாற்றினால் அந்த ஐந்து வருஷமும் இந்தச் சலுகைக்கு உதவாமல் போகும். குரூப் தேர்வு, ஆசிரியர் வேலை என்று யோசிக்கிற குடும்பம் இதை மனதில் வைக்க வேண்டும். பொறியியலோ மருத்துவமோதான் இலக்கு என்றால் ஆங்கிலவழி ஒரு நியாயமான தேர்வு. இதில் உங்களுக்காக நான் முடிவெடுக்க முடியாது. பிள்ளை எதில் புரிந்து படிக்கிறாள் என்பதை அவள் வகுப்பாசிரியரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

மெட்ரிக் பள்ளி பற்றி. பாடத்திட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது என்று நினைத்துச் சேர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சமச்சீர் கல்வி வந்த பிறகு அரசுப் பள்ளியும் மெட்ரிக் பள்ளியும் ஒரே புத்தகத்தைத்தான் படிக்கின்றன, ஒரே பொதுத் தேர்வைத்தான் எழுதுகின்றன. வேறு பாடத்திட்டம் வேண்டும் என்றால் அது சிபிஎஸ்இ. தனியார் பள்ளி வசூலிக்க வேண்டிய கட்டணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு பள்ளிவாரியாக நிர்ணயிக்கிறது. அந்த ஆணையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் பஸ், சீருடை, நோட்டு, சிறப்பு வகுப்பு எல்லாம் சேர்ந்தால் வருகிற தொகை வேறு. ஆறாம் வகுப்புக்குக் கட்டுகிற தொகையை மட்டும் பார்க்காமல், அதே பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டில் எவ்வளவு என்று இப்போதே கேட்டுவிடுங்கள். பாதியில் கட்ட முடியாமல் ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றினால், அதுவரை செலவழித்ததும் போய், 7.5 சதவீதமும் போய்விடும். கட்டணத்துக்குக் கடன் வாங்கித்தான் தனியார் பள்ளி என்ற நிலை இருந்தால், அதைச் செய்யாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

கேந்திரிய வித்யாலயாவில் மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. ஆறாம் வகுப்பில் காலியிடம் இருந்தால்தான் உண்டு. நவோதயா தமிழ்நாட்டில் இல்லை. இவை இரண்டையும் உங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் அரசின் மாவட்ட மாதிரிப் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. விடுதியோடு கூடியது, உயர்நிலை, மேல்நிலை வகுப்பில் நன்றாகப் படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து நுழைவுத் தேர்வுகளுக்குத் தயார்ப்படுத்துவது. அரசுப் பள்ளியில் இருந்தால் பின்னால் இந்த வழியும் திறந்திருக்கும்.

இதுவரை சொன்னது சட்டமும் விதியும், உறுதியாகச் சொல்லலாம். இதில் ஒரு வித்தியாசம் மட்டும் தெரிந்திருக்கட்டும். 7.5 சதவீதமும் தமிழ்வழி 20 சதவீதமும் சட்டமன்றம் இயற்றியவை, எளிதில் மாறாது. மாதம் 1,000 ரூபாய் போன்றவை அரசாணையில் நிற்கும் திட்டங்கள். உங்கள் மகள் கல்லூரி போக ஏழு வருஷம் இருக்கிறது, அதற்குள் பெயரும் தொகையும் மாறலாம். அதை நம்பி மட்டும் திட்டம் போட வேண்டாம். எந்தப் பள்ளியில் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதோ எழுத்தில் இல்லாத விஷயம். அரசுப் பள்ளி எல்லாம் ஒரே தரம் இல்லை, எய்டட்டும் அப்படித்தான். ஹெச்.எம். மாறினால் பள்ளியே மாறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு வேலை நாளில், பத்தரை மணிவாக்கில், முன்சொல்லாமல் போய் நில்லுங்கள். கணக்கு, அறிவியல் ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறதா, பெண்பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கடந்த இரண்டு வருஷத்தில் எட்டாம் வகுப்பிலிருந்து எத்தனை பேர் என்எம்எம்எஸ் தேர்வில் தேர்ச்சி பெற்றார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குச் சட்டென்று பதில் வருகிற பள்ளி, பிள்ளைகளைக் கவனிக்கிற பள்ளி.

அந்த என்எம்எம்எஸ் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பள்ளிப் பருவத்தில் கிடைக்கிற உதவிகளில் உருப்படியானது அதுதான். மத்திய அரசின் வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. எட்டாம் வகுப்பில் எழுதுவது. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு ஐந்து சதவீதம் தளர்வு. மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90 கேள்வி. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். அரசுப் பள்ளி, எய்டட் பள்ளி இரண்டுக்கும் உண்டு, தனியார் பள்ளிக்குக் கிடையாது. பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் வாங்கினால்தான் அடுத்த இரண்டு வருஷத்துக்குத் தொடரும் என்பதையும், ஒவ்வொரு வருஷமும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்து கோட்டை விடுகிறார்கள். மனத்திறன் கேள்விகள் வகுப்புப் பாடத்தில் வராது. ஏழாம் வகுப்பு விடுமுறையிலேயே பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்க வைத்தால் போதும், டியூஷன் தேவையில்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். நான்கு வருஷத்துக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய். தொகை சிறியது, வருமான வரம்பும் ஒரு லட்சம்தான். நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் உள்ள பள்ளி மாணவர்கள் இதை எழுத முடியாது. காரைக்குடி மாநகராட்சியாகிவிட்டது, பள்ளத்தூர் பேரூராட்சிதான். அதன் பிறகு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். 500 மாணவர், 500 மாணவியர், இளநிலைப் பட்டம் முடியும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். பதினொன்றாம் வகுப்பில் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, 1,500 பேருக்கு இரண்டு வருஷம் மாதம் 1,500 ரூபாய். இதைத் தனியார் பள்ளி மாணவரும் எழுதலாம் என்றாலும் பாதி இடம் அரசுப் பள்ளிகளுக்கு.

தேர்வு எழுதாமலே கிடைப்பவையும் இருக்கின்றன. நீங்கள் உங்கள் சமூகத்தைச் சொல்லவில்லை, இங்கே சொல்லவும் வேண்டாம். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் என ஒவ்வொரு பிரிவுக்கும் தனித் துறையின் உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கு வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். இதைவிட உங்கள் வீட்டுக்கு நெருக்கமான ஒன்று சொல்கிறேன். உங்கள் கணவர் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா? பட்டறையில் தினக்கூலிக்குக் கல் ஊற்றுகிறவர்களில் பலர் பதிவதே இல்லை. பதிந்தவர்களின் பிள்ளைகளுக்கு மேல்வகுப்பிலிருந்து கல்லூரிவரை கல்வி உதவி உண்டு, பெற்றவருக்கு விபத்துக் காப்பும் உண்டு. பதிவைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். எந்த வாரியத்தில் சேர்வார் என்று தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் கேளுங்கள், இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன், யாருக்கும் தேவைப்படக் கூடாது: அரசுப் பள்ளியிலோ எய்டட் பள்ளியிலோ படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் பெற்றோர் விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ, பிள்ளை பெயரில் அரசு 75,000 ரூபாய் வைப்புத்தொகை போடும். உங்கள் தெருவில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால் ஹெச்.எம்.மிடம் மனு கொடுக்கச் சொல்லுங்கள்.

இந்தத் தொகைகள் கைக்கு வராமல் நிற்பதற்கு மதிப்பெண்ணைவிடப் பெரிய காரணம் பெயர். ஆதாரில் 'மு. கவிதா', பள்ளிப் பதிவில் 'கவிதா மு', வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை என்றால் பணம் திரும்பிப் போய்விடும். இப்போது ஐந்தாம் வகுப்பு டிசி வாங்குகிற நேரம். ஆதார், பிறப்புச் சான்று, டிசி மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள். பிழை இருந்தால் சேர்க்கைக்கு முன்பே திருத்துங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிய பிறகு திருத்துவது பெரும்பாடு. சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும், அதை வருஷா வருஷம் வாங்க வேண்டும்.

கல்லூரிக் காலத்துக்கு இப்போதைக்கு இரண்டு விஷயம் போதும். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், தொழிற்கல்வியில் கலந்தாய்வு வழியாகச் சேரும்போது முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு. அக்காள் பட்டம் வாங்கிவிட்டால் தம்பிக்கு அது கிடையாது. கல்விக் கடன் நான்கு லட்சம் வரை முன்பணம் கேட்காமலும், ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமலும் வங்கிகள் தர வேண்டும் என்பது விதி. குடும்ப வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக் கால வட்டிக்கு மத்திய அரசின் மானியமும் உண்டு. ஆனாலும் அது கடன்தான். மேலே சொன்ன வழிகள் எல்லாம் பார்த்த பிறகு கடைசியாகப் போகிற இடமாக அது இருக்கட்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், அரசு மகளிர் பள்ளியை முதலில் போய்ப் பார்ப்பேன். ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பஸ் வசதி இருக்கிறது என்றால் அங்கேயே சேர்ப்பேன், தமிழ்வழியில். கணக்கு ஆசிரியரே இல்லை, பள்ளி சரியில்லை என்று கண்ணால் கண்டால், எய்டட் பள்ளியில் தமிழ்வழியில் சேர்ப்பேன். 7.5 சதவீதம் போனாலும், ஏழு வருஷம் பாடமே நடக்காத வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கு அந்த ஒதுக்கீட்டால் பயன் குறைவு.

மகன் விஷயம் வேறு கணக்கு. கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் எல்கேஜியிலேயே நிரப்பப்படுகிறது; உங்கள் மகளுக்கு ஆறாம் வகுப்பில் அது கிடையாது, மகனுக்கு உண்டு. நலிவடைந்த பிரிவுக்கு வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டு லட்சம், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. உங்கள் கிராமத்துக்குப் பக்கத்தில் தனியார் பள்ளி இல்லையென்றால் வாய்ப்பு குறைவு. வழக்கமாக ஏப்ரல், மே மாதத்தில் இணையத்தில் விண்ணப்பம் வரும். 2025இல் மத்திய நிதி வராத சிக்கலில் அக்டோபர் வரை இழுத்தது, அதனால் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கட்டணம் எட்டாம் வகுப்பு வரைதான் இலவசம், பஸ் கட்டணம் உங்கள் பொறுப்பு. அந்தச் சட்டத்தின்கீழ் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும். அதே பையன் எட்டுக்குப் பிறகு எய்டட் பள்ளியில் சேர்ந்தால் கிடைக்காது.